வில்லங்கத்தில் ஏறாத வில்லங்கம்

சென்னையில் வீட்டுக் கிரயத்தைப் பதிவு செய்யும்போது சார்பதிவாளர் பதிவது பத்திரத்தைத்தான். எழுதிக் கொடுப்பவருக்கு அந்த வீடு சொந்தமா என்று தீர்மானிக்கும் வேலையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை. மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு அரசு 55-ஏ விதியைக் கொண்டுவந்து பார்த்தது. உரிமை மூலத்தை ஆராய்வது பதிவு அலுவலரின் அதிகாரத்தில் வராது என்று சொல்லி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவிட்ட 77-ஏ பிரிவையும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக, தோண்டிப் பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துச் சலித்துக்கொள்பவர்களில் கடல் கடந்து வாழும் தமிழர்கள் அதிகம். சிங்கப்பூரில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர அதைக் கிளறிப் பார்க்க வேண்டியதில்லை. ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கி வைத்த முறை அது. ஆனால் சிங்கப்பூரில் மெச்ச வேண்டியது பதிவேட்டைவிடப் பணம் நிற்கும் இடத்தை. தனியார் வீடு வாங்குபவர் பொதுவாக 1 சதவீதம் கொடுத்து வாங்கும் உரிமையைப் பிடித்து வைக்கிறார். 14 நாளில் இன்னொரு 4 சதவீதம் கட்டி அதை உறுதி செய்கிறார். உடனே அவருடைய வழக்கறிஞர் நில ஆணையத்தின் பதிவேட்டில் ஒரு தடைக் குறிப்பை ஏற்றிவிடுவார். அதன்பின் அதே வீட்டை இன்னொருவருக்கு ரகசியமாக விற்க வழியில்லை. மீதிப் பணம், குறிப்பிட்ட வங்கிகளில் இதற்கென்றே உள்ள கணக்கில் கிடக்கும். இரு தரப்பு வழக்கறிஞர்களும் கையெழுத்திட்டால்தான் வெளியே வரும். சென்ட்ரலில் நடைமேடை கிடைக்கும்வரை பேசின் பிரிட்ஜில் நிற்கும் ரயிலைப் போல, பச்சை விழாமல் பணம் நகராது.

இந்த ஒழுங்கு வானத்திலிருந்து விழவில்லை. 2006-இல் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவர் கட்சிக்காரர்களின் பணம் ஒரு கோடி டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு தலைமறைவானார். பணத்தைப் பூட்டும் இன்றைய விதிகள் வந்தது 2011-இல். சூடு கண்டபின் போட்ட பூட்டு அது. சென்னைக்கும் சூடு குறைவில்லை. பூட்டுத்தான் இன்னும் வரவில்லை. இங்கே அட்வான்ஸ் நேராக விற்பவர் கைக்குப் போகிறது, மறுவாரமே மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ கரைந்தும் போகிறது. கிரயம் நின்றுபோனால் வாங்கியவர் கையில் மிஞ்சுவது ஒரு ஒப்பந்தமும் ஒரு வழக்கும்.

ஆனாலும் ஊரில் இருக்கும் கருவியையே பலர் பயன்படுத்துவதில்லை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்து வருபவர் கண்ணில் படும். சிங்கப்பூரின் தடைக் குறிப்புக்கு நெருங்கிய உறவு இது. செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து முத்திரைத்தாளில் மட்டும் எழுதி வைத்துக்கொள்வது, கதவுக்குப் பூட்டு வாங்கி அலமாரியில் வைப்பதற்குச் சமம். அட்வான்ஸைச் சிறியதாக வைத்து, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுப்பதே முறை. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

வடசென்னையில் பத்திரத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அடிமண். பேசின் பிரிட்ஜைச் சுற்றி ரயில்வே, மின்வாரியம், கால்வாய்க்கரைப் புறம்போக்கு எனப் பல கைகளில் நிலம் இருக்கிறது. கிழக்கே போனால் துறைமுகம். திருவொற்றியூர்ப் பக்கம் கோயில் அடிமனையில் கட்டிய வீடுகள் உண்டு. கட்டடம் ஒருவருடையது, மண் கோயிலுடையது. கோயில் நிலத்தை விற்கும் பத்திரத்தை, உரிய அனுமதி இல்லாமல், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி பதிவு செய்யவும் முடியாது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாக இருக்கும் அமைப்பின் குடியிருப்புகள் இன்னொரு கண்ணி. தவணை முடிந்து வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தராதவரை, குடியிருப்பவரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. அதை வைத்து அவர் எழுதிக் கொடுக்கும் எந்தக் காகிதமும் வீட்டைக் கைமாற்றாது. எனவே நகர நில அளவைப் பதிவேட்டின் நகலில் யார் பெயர் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதல் உள்ள பதிவுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். இதில் தமிழ்நாடு தாராளம். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண் என்று சங்கிலி அறுபடாமல் 30 ஆண்டாவது பின்னோக்கிப் போக வேண்டும். பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படிப்பதில் ஒரு சுகமும் உண்டு: "இன்னார் வீட்டுக்கு வடக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, இதன் மத்தியில்" என்று நான்கெல்லை சொல்லும். சிங்கப்பூர் உரிமைச் சான்றில் இருப்பது ஒரு மனை எண். பக்கத்து வீட்டுக்காரர் அதில் கிடையாது. சென்னைப் பத்திரம் அக்கம்பக்கத்தையே சாட்சிக்கு நிறுத்துகிறது. அந்த வீடுகளின் கதவைத் தட்டிப் பேசினால் எந்தச் சான்றிலும் இல்லாத சங்கதி வெளியே வரும். இதை நாட்டுப்புறத்தனம் என்று ஒதுக்கும் வெளிநாட்டுவாசி, இணையத்தில் சான்றைப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பி ஏமாறுகிறார்.

ஏனென்றால் வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கங்களே ஆளைக் கவிழ்ப்பவை. மூலப்பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினாலே அடமானம் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அப்படிச் செய்யலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்த ஊர்களில் சென்னையும் ஒன்று. எழுத்து எதுவும் தேவையில்லை என்பதால் தடயமே இல்லாமலும் போகலாம். அதனால்தான் அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வக்கீல்கள் கருத்துரை எழுத மாட்டார்கள். "நகல் இருக்கு சார், அசல் தொலைஞ்சிடுச்சு" என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம். நிலுவையிலுள்ள வழக்கும் பொதுவாகச் சான்றில் தெரியாது. ஆனால் அதன் தீர்ப்பு வீட்டை வாங்கியவரையும் கட்டும்.

மூன்றாவது, விடுபட்ட வாரிசு. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரங்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. இதில் ஒரு வேடிக்கை: அந்த விடுபட்ட கையெழுத்து பல வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுடையதோ தங்கையுடையதோதான். ஊரின் பத்திர முறையைக் குறை சொல்பவரே, இன்னொருவர் வாங்கும் வீட்டின் வில்லங்கமாக இருக்கிறார். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் விற்பவராகவோ விடுதலைப் பத்திரம் கொடுத்தவராகவோ வந்தாக வேண்டும்.

அடுக்குமாடி வீடு என்றால் திட்ட அனுமதி, நிறைவுச் சான்று, நிலத்தில் பிரிக்கப்படாத பாகத்தின் அளவு மூன்றையும் ஒப்பிட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ 8 வீட்டுக்கு மேலோ எழும் புதிய கட்டடம் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பத்திரம் சரியாக இருந்தும் கட்டடம் ஏமாற்றலாம். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் சரிந்தன. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் ஊரில் ஒருவருக்குப் பொது அதிகாரம் கொடுப்பதுண்டு. இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ கையெழுத்திட்ட அந்த ஆவணத்துக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பொது அதிகாரத்தை வைத்தே வீட்டை "விற்பது" கிரயமாகாது என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி வேறு. உள்ளூர் விற்பனைக்கான 1 சதவீதத்தைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்தால் நோட்டீஸ் வாங்குபவருக்கே வரும்.

பதிவு நாளன்று காலையில் மறுபடி ஒரு முறை வில்லங்கம் பார்ப்பது பழைய எழுத்தர்களின் வழக்கம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டி, புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, அசல் பத்திரங்கள் கைக்கு வரும்போது வங்கி வரைவோலை மாற வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. அதன்பின் பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றம். சில வாரம் கழித்து எடுக்கும் வில்லங்கச் சான்றின் கடைசி வரியில் வாங்கியவர் பெயர் இருக்கும்.