1.3-ஆ, 1.8-ஆ? ஒரு மென்பொருள் நிறுவிய கதை

1/
ஆரணியில கிளினிக் வச்சிருக்கிற பொது மருத்துவர் நான். "டாக்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. ஒரு இலவச மென்பொருளை மூணு கம்ப்யூட்டர்ல நிறுவினேன். அதை நம்பி ஒரு நெசவாளியோட மாத்திரையைத் தப்பா குறைச்சேன். தப்பு என்னோடது. முழுசா சொல்றேன், பொறுமையா படிங்க.

2/
எங்க ஊர்ப் பட்டு உங்களுக்குத் தெரியும். அதை நெய்யறவங்க நிறைய பேர் என்கிட்ட வர்றாங்க. சர்க்கரை, பிரஷர், முதுகுவலி. கையில ஒரு மஞ்சப்பை, அதுல பல வருஷத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஆரணி லேப், வேலூர் லேப், காஞ்சிபுரம் லேப், எல்லாம் கலந்து கிடக்கும்.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான்: கிரியாட்டினின் வருஷா வருஷம் ஏறுதா, அப்படியே நிக்குதா? சிறுநீரகத்தைப் பத்தி ஒரு தடவை எடுத்த அளவைவிட அந்த வரிசை அதிகம் சொல்லும்.

3/
ஒவ்வொண்ணா டைப் அடிக்க நேரமில்லை. போட்டோவை ஏத்தினா எழுத்தா மாத்திக் கொடுக்கற இணையதளங்கள் இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல பேர், வயசு, போன் நம்பர் எல்லாம் இருக்கே! என்னை நம்பிக் கொடுத்த காகிதத்தை எங்கேயோ இருக்கற சர்வருக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை. நீங்களும் உங்க ரிப்போர்ட்டை அப்படி ஏத்தாதீங்க.

4/
அப்போ கிடைச்சதுதான் டெசராக்ட். படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சுக் கொடுக்கற மென்பொருள். 1980-கள்ல எச்.பி. நிறுவனத்துல உருவானது. 2005-ல மூலநிரலை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து கூகுள் பல ஆண்டு வளர்த்தது. தமிழும் படிக்கும். இணையம் வேண்டாம், காசு வேண்டாம். ஆனா பட்டன், மெனு எதுவும் கிடையாது. கருப்புத் திரையில கட்டளை எழுதித்தான் வேலை வாங்கணும்.

5/
கிளினிக்ல விண்டோஸ். ஜெர்மனியில மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம், பழைய ஜெர்மன் செய்தித்தாள்களைப் படிக்க டெசராக்டைப் பயன்படுத்துது. விண்டோஸுக்கான நிறுவியையும் அவங்களே தயார் பண்ணித் தர்றாங்க. சுலபம்தான், ரெண்டு இடத்துல கவனம் வேணும். தமிழை நாமதான் டிக் பண்ணணும். அப்புறம் மென்பொருள் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு 'பாத்' பட்டியல்ல நாமே சேர்க்கணும். இல்லேன்னா "அப்படி ஒரு கட்டளையே இல்லை"ன்னு விண்டோஸ் கைவிரிக்கும்.

6/
மனைவியோட லேப்டாப் மேக். அதுல ஹோம்ப்ரூ வழியா ஒரே வரியில வந்துடுச்சு. தமிழுக்கு மொழித் தொகுப்பு தனி, அது இன்னொரு வரி.

7/
வீட்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு 22.04. அதோட களஞ்சியத்துல இருக்கறது 4.1.1 பதிப்பு. மத்த ரெண்டுலயும் 5. மூணுலயும் ஒரே பதிப்பு வேணும்னா இதுல மூலநிரல்ல இருந்து கட்டலாம்னு முடிவு பண்ணேன்.

மூலநிரல்னா என்ன? அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து மிக்சர் கலந்து கொடுப்பாரே, ஞாபகம் இருக்கா? நிரல்தான் அந்தச் சீட்டு. கம்பைலர்தான் கம்பவுண்டர். ரெடிமேட் பாட்டிலுக்குப் பதிலா நம்ம கம்ப்யூட்டர்லயே கலக்கறோம்.

8/
வரிசை முக்கியம். முதல்ல சி++ கம்பைலர். அடுத்து லெப்டோனிக்கா, அதாவது படத்தைத் திறந்து கொடுக்கற நூலகம். அதுக்கும் முன்னாடி ஜேபெக், பிஎன்ஜி கோப்புகளுக்கான நூலகங்கள். அப்புறம் 'ஆட்டோஜென்', 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்', கடைசியா 'எல்டிகான்ஃபிக்'.

9/
நான் மூணு இடத்துல விழுந்தேன்.

ஒண்ணு: ஜேபெக் நூலகத்தைப் போடாமலேயே லெப்டோனிக்காவைக் கட்டினேன். எந்தப் பிழையும் காட்டலை, அழகா முடிஞ்சது. ஆனா மொபைல்ல எடுத்த ஒரு போட்டோவையும் திறக்கலை.

ரெண்டு: 'எல்டிகான்ஃபிக்'கை விட்டுட்டேன். நிறுவின நூலகத்தையே காணோம்னு சொல்லுச்சு.

மூணு: தமிழ், ஆங்கிலத் தரவுக் கோப்புகளைத் தனியா இறக்கி அதுக்கான ஃபோல்டர்ல வைக்கணும். கட்டும்போது அது தானா வராது.

ரெண்டாவதும் மூணாவதும் கத்திச் சொல்லுச்சு. முதலாவது வாயே திறக்கலை. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

10/
எல்லாம் ஓடுச்சு. சந்தோஷத்துல பழைய ரிப்போர்ட் போட்டோ எல்லாத்தையும் படிக்க விட்டேன். ஒரு நெசவாளி அண்ணா, வயசு 58, பல வருஷமா சர்க்கரை. அவரோட கிரியாட்டினின் வரிசை திரையில வந்தது: 1.2, 1.3, 1.8.

58 வயசு ஆணுக்கு 1.3-ன்னா சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறக்குறைய 64. 1.8-ன்னா 43. அது 45-க்குக் கீழ போனா மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கணும், 30-க்குக் கீழ போனா நிறுத்தணும். நான் மாத்திரையைப் பாதியாக்கினேன். "கிட்னி கொஞ்சம் இறங்குது அண்ணா, வலி மாத்திரை எதுவும் போடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினேன்.

11/
மூணு நாள் கழிச்சு அவர் மனைவி மஞ்சப்பையோட வந்தாங்க. "சார், அவரு ராத்திரி தூங்கறதே இல்ல. தறியிலயும் உக்காரல. நான் இதை எடுத்துப் பாத்தேன், இதுல 1.3-ன்னுதானே போட்டிருக்கு?"

வாங்கிப் பாத்தேன். 1.3-தான். காகிதம் மடிஞ்ச இடத்துல மங்கலா இருந்த 3, போட்டோவுல 8 மாதிரி தெரிஞ்சிருக்கு. மெஷின் 8-ன்னு படிச்சுது, நான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

12/
அன்னிக்கே திரும்ப ரத்தம் எடுத்தோம். 1.3. பழைய அளவு மாத்திரைக்கே மாத்தினேன். அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவர் கோபப்படலை. "இழை அறுந்தா தறி நிக்காது சார், நாமதான் பாத்து நிக்கணும். விட்டுட்டா சேலை முழுக்க ஓடிடும்"னார்.

13/
இதே மெஷின் 1.6-ஐ 16-ன்னும் ஒரு தடவை படிச்சிருக்கு. புள்ளி விழுந்துடுச்சு. அதை உடனே பிடிச்சிட்டேன், ஏன்னா 16 இருந்தா ஆள் சிரிச்சுக்கிட்டே நடந்து வந்திருக்க மாட்டார். நம்பற மாதிரி இருக்கற தப்புதான் தப்பிச்சுப் போகும்.

14/
இப்போ நான் செய்யறது:

• லேப்ல தினமும் அளவு தெரிஞ்ச மாதிரியை முதல்ல ஓட்டி மெஷினைச் சோதிப்பாங்க. அதே மாதிரி, நானே கையால டைப் அடிச்ச 20 ரிப்போர்ட் வச்சிருக்கேன். எந்தக் கம்ப்யூட்டர்ல நிறுவினாலும், புதுப்பிச்சாலும், முதல்ல அந்த இருபதையும் படிக்க வச்சு ஒப்பிடுவேன்.
• மொபைல் போட்டோ வேண்டாம். ஸ்கேனர், 300 டிபிஐ.
• மருந்தை மாத்த வைக்கிற எந்த எண்ணா இருந்தாலும், காகிதத்தைக் கையில எடுத்துப் பாத்த பிறகுதான் பேனா.

15/
தொழில்நுட்பம் வேண்டாம்னு நான் சொல்லலை. இன்னமும் தினமும் டெசராக்ட் ஓடுது, நிறைய நேரம் மிச்சம். கத்துக்க ஆசைன்னா 2012-ல இருந்து வர்ற கணியம் மின்னிதழ் இருக்கு, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கு. தமிழ்லயே படிக்கலாம், கேக்கலாம்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மஞ்சப்பையைத் தூக்கிப் போடாதீங்க. டாக்டர் சொல்ற எண்ணும் காகிதத்துல இருக்கற எண்ணும் வேற வேறயா இருந்தா, அந்த அக்கா மாதிரி கேளுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.