கணக்கேட்டில் இல்லாத பத்தி

திருவனந்தபுரத்தில் இயற்பியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், தம் ஹைப்ரிட் காருக்குப் பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய தொலைவு, லிட்டர், விலை என நான்கு பத்திகளில் குறித்து வைப்பவர். நாகர்கோவில்காரர், வாரந்தோறும் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகச் சென்று தாயைப் பார்த்துத் திரும்புவார். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்ற கணக்கு அந்த ஏட்டில் ஆண்டுக்கணக்கில் பிறழாமல் வந்தது. இடவப்பாதி மழைக்கு முன்பாக, தேய்ந்துபோன நான்கு டயர்களையும் மாற்றினார். அடுத்த மாதக் கணக்கு 22.2 என்று வந்தது.

முதலில் அவர் ஐயுற்றது பேட்டரியை. அதில் குறையில்லை. டயரின் காற்றழுத்தமும் சரியாகவே இருந்தது. டொராண்டோவில் வாழும் பழைய மாணவி ஒருவருக்கு இதை எழுதியபோது, "சார், நான் ஒவ்வொரு நவம்பரிலும் இதைத்தான் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. பனிக்காலத்துக்கென மென்மையான ரப்பரில் செய்த டயர்களை மாட்டியதுமே அவருடைய ஹைப்ரிட் காரின் மைலேஜ் சரிந்துவிடுமாம்.

பேராசிரியர் அதை உடனே ஏற்கவில்லை. கனடாவில் டயர் மாறும் மாதத்திலேயே குளிரும் வருகிறது. குளிரில் பேட்டரி சோர்கிறது. காருக்குள் வெப்பம் தருவதற்காகவே எஞ்சின் அடிக்கடி இயங்குகிறது. டயரின் காற்றழுத்தமும் குறைகிறது. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 7 டிகிரிக்கு இறங்கினால், நகரத்துக் குறும்பயணங்களில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் ஏறத்தாழ 15 விழுக்காடும் ஹைப்ரிட் காரின் மைலேஜ் 30 முதல் 34 விழுக்காடும் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆகவே முழுப் பழியையும் டயர்மேல் போட முடியாது. தம் கணக்கிலும் டயரோடு மழை சேர்ந்தே வந்திருப்பதை அவர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். நீர் தேங்கிய சாலை சக்கரத்தை இழுக்கும். கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஏ.சி. ஓயாமல் ஓடும்.

இன்னொரு பிழை ஏட்டிலேயே இருந்தது. காரின் மீட்டர் தொலைவை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறது. தேய்ந்த டயரின் ஆரம் புதியதைவிட ஆறு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு. ஏறத்தாழ 310 மில்லிமீட்டரில் அது இரண்டு விழுக்காடு. பழைய டயர்கள் ஓடாத தொலைவையும் ஓடியதாகக் காட்டி வந்திருந்தன. இழந்ததாக அவர் கருதியதில் ஒரு பங்கு, முன்பே இல்லாத ஒன்று.

எஞ்சியது மெய்யான இழப்பு. உருளும் டயர் தரையில் படும் இடத்தில் நசுங்கி மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை; ஒரு பகுதி வெப்பமாகிறது. புதிய டயரில் ரப்பர் தடிமன் கூடுதல் என்பதால் இழப்பும் கூடுதல். ஹைப்ரிட் கார் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மீட்டுக்கொள்ளும். டயரில் வெப்பமாய்ப் போனதை அதனால் மீட்க இயலாது. மற்ற செலவுகள் குறைந்த காரில் இந்தச் செலவு பெரிதாய்த் தெரியும். அதனால்தான் இத்தகைய கார்கள் பெரும்பாலும் உருளும் தடை குறைந்த டயர்களுடன் விற்பனைக்கு வருகின்றன. பின்னர் கடையில் வாங்கி மாட்டும் டயர் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் அவருக்கு, மீட்டர் பிழையைக் கழிக்காத ஏட்டுக் கணக்கின்படி, கூடுதல் செலவு மூன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல்; ரூபாயில் ஏறத்தாழ 350.

உருளும் தடை குறைந்த டயர்களை வாங்கிவிடலாமா என்று ஒரு மாலை யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்ற ஆண்டு மழை அவர் நினைவுக்கு வந்தது. பாலராமபுரம் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை, கோட்டைத் தாண்டி வழுக்கிச் சென்று, சாலையைக் கடந்துகொண்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் குடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அன்றைய வரியிலும் 24 என்றே எழுதியிருந்தார்.

ஈரச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அழுந்தி ஆற்றலை இழப்பதாலேயே பிடிப்பு உண்டாகிறது. எரிபொருள் கணக்கில் குற்றமாகத் தோன்றும் அதே குணம், பிரேக் மிதிக்கையில் காப்பாக நிற்கிறது. ரப்பரில் சிலிக்கா கலக்கும் முறை 1990-களில் இவ்விரண்டையும் ஓரளவு இணக்கியது, முற்றாக அல்ல. இந்திய அரசு 2022-இல் உருளும் தடை, ஈரப்பிடிப்பு, ஒலி மூன்றுக்கும் ஒருசேர வரம்பு விதித்ததும், ஒன்றைத் தனியே பார்த்தால் மற்றது விட்டுப்போகும் என்பதால்தான்.

அவர் டயர்களை மாற்றவில்லை. அடுத்த முறை வாங்கும்போது முதலில் ஈரப்பிடிப்பையும் பிறகு உருளும் தடையையும் கேட்பதென முடிவு செய்தார். ஆய்வு மாணவர்களிடம் அவர் ஓயாமல் சொல்லும் ஒன்றுண்டு: அளந்ததை நம்புமுன் அளக்காமல் விட்டதைக் கேளுங்கள். தம் ஏட்டிடம் மட்டும் அதை அவர் கேட்டதில்லை. 22.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இப்போது ஐந்தாவதாக ஒரு பத்தி இருக்கிறது. அதன் முதல் வரி: "மழை. பாலராமபுரம். கோட்டுக்கு முன்பே நின்றது."