தண்ணி வேணுங்களா?

கோவை
28.01.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாப்பாவுக்குக் காது வலி குறைந்ததா? தோட்டைத் திருகிப் பார்க்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் ஆரம்பித்தால் "சரிங்க மச்சான், சரிங்க மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள். அந்த வித்தை எனக்கும் தெரியும், பதினைந்து வருஷம் செய்தவன். வீட்டு மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லும் யோக்கியதையும் எனக்கில்லை. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மொட்டை மாடியில் உங்கள் டம்ளரில் ஊற்றியது என் கைதான். அந்தக் கை எழுதுகிறது என்று நினைத்துப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கப் பாப்பாவைத் தூக்கிக் கொடுத்தீர்களே, அப்போது உங்கள் கை நடுங்கியது. குழந்தையின் பாவாடை ஓரம் ஆடியதை நான் பார்த்தேன். பிறகு மண்டபத்துக்குப் பின்பக்கம் போனீர்கள். அரை மணி கழித்துப் பந்தியில் சாம்பார் ஊற்றினீர்கள். ஒரு சொட்டு இலைக்கு வெளியே விழவில்லை. மாப்பிள்ளை, நடுங்கிய கையை விட நடுங்காத கைதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றைக்குக் குடியரசு தினம், கடை லீவு. சனிக்கிழமையே வாங்கி வண்டியில் வைத்திருக்கிறீர்கள். ஆசைக்குக் குடிக்கிறவன் கடை மூடியிருந்தால் பேசாமல் போய்விடுவான். முந்தின நாளே வாங்கி வைக்கிறவனுக்கு அது மருந்தாகிவிட்டது. நானும் என் பட்டறையில் ஸ்பானர் டிராயருக்கு அடியில் வைத்திருந்தவன்.

"நினைத்தால் விட்டுவிடுவேன், மாலை போட்டால் நாற்பத்தோரு நாள் தொடுகிறேனா?" என்று எப்போதும் சொல்வீர்கள். உண்மைதான், நீங்கள் தொட்டதில்லை. ஆனால் இந்தக் கார்த்திகையில் நீங்கள் மாலை போடவில்லை. கம்பெனியில் லீவு இல்லை என்றீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்: லீவு இல்லையா, முடியவில்லையா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

என் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். 2018-இல் ஒரு நாள் கோபத்தில் சட்டென்று நிறுத்தினேன். அதற்கு முன்னால் கோயிலில் இரண்டு முறை கயிறு கட்டி, இரண்டு முறையும் அறுத்துப் போட்டவன். அந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் கை நடுக்கம், வேர்வை. இரண்டாம் நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. விளக்குமாறு எடுத்துச் சுவரைக் கூட்டினேன். உங்கள் அக்கா பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் திட்டவில்லை. பி1 வைட்டமின் ஊசி போட்டார், நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். "தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். இது ரோசத்தால் விடும் விஷயம் இல்லை, சிகிச்சையால் விடும் விஷயம்" என்று சொன்னார். அதுவரை நான் குடியைக் கெட்ட பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். நோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நோய் என்றால் வெட்கப்படாமல் மருந்து சாப்பிடலாம் அல்லவா?

இன்னொரு கணக்கும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நாம் குடிக்கும் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவாட்டர் 180 மில்லி என்றால் உள்ளே போவது சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் முடித்தால் விடிகிற வரைக்கும் ரத்தத்தில் இருக்கும். நீங்கள் ஒன்றோடு எழுந்திருப்பதில்லை. காலை ஆறு மணிக்குக் குளித்து, விபூதி பூசி, கம்பெனி பஸ்ஸை எடுக்கும்போது நீங்கள் குடித்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை. சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. அதையெல்லாம் விடுங்கள். பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வரும் அத்தனை பிள்ளைகளும் உங்களை நம்பித்தானே கண்ணை மூடுகிறார்கள்?

விட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். முதலில் போனதைச் சொல்கிறேன். சாயங்காலம் போனது. ஏழு மணிக்குப் பட்டறையை மூடினால் அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாது. நண்பர்கள் என்று நினைத்தவர்களில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். இனிப்புக்கு நாக்கு அலைந்தது, ஜிலேபியாகத் தின்றேன். எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. மூன்று மாதம் "இதற்குக் குடித்தே தொலைந்திருக்கலாமே" என்று வீட்டில் நினைத்திருப்பார்கள்.

கிடைத்ததெல்லாம் சத்தமில்லாமல் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பது நின்றது. பிரஷர் இறங்கியது. ஸ்கேனில் கொழுப்பு படிந்திருந்த ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சுருங்கிக் கெட்டியாகும் முன்னால் நிறுத்தினால் ஈரல் மீண்டுவிடும் என்றார் டாக்டர். லேத்தில் கை நின்றது, அளவு தப்பி ரிஜெக்ட் ஆகித் திரும்பும் பீஸ் குறைந்தது. சைடிஷ், தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்து நாளைக்கு இருநூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 73,000. பெரியவளின் பாலிடெக்னிக் பீஸ் அதில்தான் கட்டினேன்.

ஆனால் இவை எதற்காகவும் நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

குடித்த காலத்தில் நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தத்தை வைத்தே உள்ளே எல்லாம் முடிவாகிவிடும். சைடு ஸ்டாண்ட் ஒரே தட்டில் விழுந்தால் பிள்ளைகள் கூடத்தில் இருப்பார்கள். இரண்டு மூன்று முறை தேய்த்தால் உள் அறைக்குப் போய்விடுவார்கள். குடியை விட்ட பிறகும் உங்கள் அக்கா தினமும் நிலைப்படிக்கு வந்து முகத்துக்கு நேராக நின்று, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்பாள். தாகத்துக்குக் கேட்கவில்லை, நான் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். எனக்கும் தெரியும். "கொண்டு வா" என்று வாயை நன்றாகத் திறந்து சொல்வேன். ஒரு சொம்பு தண்ணீரையும் குடிப்பேன். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது: "தண்ணி வேணுங்களா?" அவள் வரவில்லை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குடியை விட்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்: இப்போது வீட்டில் யாரும் என்னைக் கவனிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொய் எழுதும்போதும், பாப்பாவை ஆற்றும்போதும், அவள் கண் உங்கள் மேலேயே இருந்தது. அவள் உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதாமே, வாங்கலாமா என்று. கூடவே கூடாது என்றேன். அந்த மாதிரி மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் நீங்கள் குடித்தால் நெஞ்சு அடைத்துவிடும். அந்த மருந்தை டாக்டர் கொடுத்து, நீங்களே தெரிந்து சாப்பிட வேண்டும். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு வழி தெரியாமல் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னை நிறுத்தி வைத்தது ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியோடு போராடிய இரண்டு பேர், ஒருவர் பங்கு வியாபாரி, ஒருவர் டாக்டர், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்தது அது. பீஸ் கிடையாது, முழுப்பேர் கேட்க மாட்டார்கள். "இன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதுதான் கணக்கு. இன்றைக்கும் நான் வாரம் ஒரு முறை போகிறேன். மொட்டை மாடியில் நம் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது டம்ளர். அங்கே டீ கிளாஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வாருங்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். திங்கட்கிழமை காலை ஓ.பி.க்கு இரண்டு பேரும் போவோம். படுக்க வேண்டியிருந்தால் ஒரு வாரம், பத்து நாள் நான் பக்கத்தில் இருப்பேன், பட்டறையைப் பையன் பார்த்துக்கொள்வான். நடுவில் ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். எனக்குப் போட்டாலும் சரி, எத்தனை மணி என்று பார்க்க வேண்டாம்.

இரண்டே வேண்டுகோள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிடுங்கள், ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் ரோசப்பட்டு நீங்களாகத் திடீரென்று குடியை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
மச்சான்