இடக்கைக்கு இருந்த ஐந்து விசைகள்

கணிப்பொறிக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் உள்ளீட்டுக் கருவிகளுள் பல, வேறு தொழில்களில் பிறந்து பின்னர் இடம் மாறி வந்தவை. பட்டுத்தறியில் பூவேலைப்பாட்டை இயக்கிய துளையட்டை, 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் பொறிகளுக்குத் தரவு தரும் அட்டையாயிற்று. மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கி, ரெமிங்டன் நிறுவனத்தார் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப்பொறியில் வேரூன்றிய எழுத்து வரிசை, அச்சுக்கோல் எதுவும் இல்லாத இன்றைய கைப்பேசித் திரையிலும் தொடர்கிறது.

மவுஸ் அவ்வாறு வந்ததன்று. கணிப்பொறித் திரைக்கென்றே சிந்திக்கப்பட்டது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துக்கு, அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலிஷ் 1964இல் உருவம் கொடுத்தார். அது உள்ளங்கையில் அடங்கும் மரக்கட்டை. மேல்மூலையில் ஒரே ஒரு பொத்தான். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள். கட்டையை இடவலமாக நகர்த்தினால் ஒரு சக்கரம் உருள, மற்றது உருளாமல் வழுக்கிச் செல்லும். முன்பின்னாக நகர்த்தும்போது உருள்வதும் வழுக்குவதும் மாறிக்கொள்ளும். சக்கரம் சுழன்ற அளவுக்கேற்ப மின்னழுத்தம் மாற, அந்த இரண்டு அளவுகளைக்கொண்டு கணிப்பொறி திரையில் குறியின் இடத்தைக் கணக்கிட்டது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியவற்றோடு மவுஸை ஒப்பிட்டுச் சோதித்தபோது, பழகியவர்கள் கையில் அது முந்தி நின்றது என்றாலும், பழகாதவர்களிடம் முழங்கால் கருவி சற்றும் சளைக்கவில்லை.

எங்கல்பார்ட்டின் ஏற்பாட்டில் மவுஸ் தனித்த கருவி அன்று என்பதுதான் பலரும் மறந்துவிட்ட செய்தி. வலக்கை மவுஸைப் பிடித்திருக்க, இடக்கையின் கீழ் பியானோவின் கட்டைகளைப் போன்ற ஐந்து விசைகள் இருந்தன. ஒரு விசையைத் தனியாகவோ பலவற்றைச் சேர்த்தோ அழுத்தினால் 31 வெவ்வேறு சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொரு சேர்க்கையும் ஓர் எழுத்தையோ குறியையோ குறிக்கும். (உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று கூட்டினால் தமிழுக்கும் அதே 31 என்பது வியப்பூட்டும் பொருத்தம்.) மவுஸிலிருந்து கையை எடுக்காமலேயே எழுதவும் கட்டளையிடவும் இது வழிசெய்தது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் நிகழ்த்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே இடம்பெற்றன.

ஆனால் ஐந்து விசைகளைக் கையாளச் சேர்க்கைகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். மவுஸுக்கோ சில நிமிடப் பழக்கமே போதும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணிப்பொறியில் ஐந்து விசைக் கருவியைப் பொருத்த வழியிருந்தும் அது பரவவில்லை. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேகின்டோஷ் வெளிவந்தபோது, மவுஸ் மட்டுமே பொதுமக்கள் கைக்கு வந்தது. கற்காமலே ஓட்டக்கூடிய கருவியை மூன்று சக்கரச் சைக்கிளுக்கு ஒப்பிட்ட எங்கல்பார்ட், சிறிது விழுந்தெழுந்து பழகினாலும் தொலைதூரம் கொண்டுசெல்லும் இருசக்கரச் சைக்கிளையே விரும்பினார். சந்தை அவர் வழியில் செல்லவில்லை. முதல் நாள் எளிமையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டதில், பத்தாண்டுப் பழக்கம் தரக்கூடிய கைத்திறன் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமல் போனது உண்மையான இழப்பு.

தமிழ் உள்ளீட்டிலும் இதே நிலையைக் காணலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகிர்ந்தளித்து, புள்ளியிடும் வேலையை மொழியின் இயல்பறிந்து தானே செய்துகொள்கிறது. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக விழும். இடங்களை விரல்கள் பழக ஓரிரு வாரங்கள் பிடிக்கும் என்பதால் பலர் அதைத் தொடுவதில்லை. ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டியே அவர்கள் அம்மாவை அழைக்கிறார்கள்.