அண்ணன் வண்டியின் ஒடுக்கு



இரண்டு மாதமாக இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கையெல்லாம் கிரீஸ், அவ்வளவுதான். "ரிடையர் ஆன வாத்தியாருக்கு மெக்கானிக் வேலை எதுக்குங்க?" என்று வீட்டில் தினமும் கேள்வி. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனிடம் 1986 மாடல் பிரிமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. 1964ல் ஃபியட் 1100 டிலைட் என்று பம்பாயில் தயாராகத் தொடங்கி, 1974ல் பத்மினி என்று பெயர் மாறிய வண்டி. பெயர் எத்தனை மாறினாலும் நம் ஊரில் அது 'பியட்டு'தான். அண்ணன் 1992ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அப்பா போன பிறகு என்னை ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தவர் அவர். என் பிள்ளைகள் இருவரும் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அந்த வண்டியில்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்தபோது, அண்ணன் வீட்டு வாசலில் வண்டி ஹெட்லைட் மூழ்க நின்றது. எஞ்சினைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார். அப்புறம் கண் அழுத்த நோய் வந்து ஓரப் பார்வை போனது. டாக்டர் ஓட்டக்கூடாது என்றுவிட்டார். நான்கு வருடமாக வண்டி தார்ப்பாய்க்குள்.

15 வருடம் தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. வண்டியைக் காட்டும்போது விளக்கெல்லாம் எரிய வேண்டும். "சித்தப்பா, ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம்" என்றான் அண்ணன் மகன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. தார்ப்பாய் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எஞ்சினை மெக்கானிக் பார்க்கட்டும். விளக்கும் வெளி வேலையும் என் பொறுப்பு. இரண்டு மாசம் கொடு. 15,000 ரூபாய்க்கு மேல் போகமாட்டேன்" என்று சொல்லி, வண்டியை அசோக் நகருக்கு இழுத்து வந்தேன்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். ஹெட்லைட்டைக் கழற்றினால், உள்ளே இருக்கும் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர் மங்கிப்போய், அடியில் வெள்ளத்து வண்டல் ஒரு கோடாக இருந்தது. குத்துவிளக்கு தேய்க்கும் பாலிஷை எடுத்துத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் இருந்த பளபளப்பும் துணியோடு வந்துவிட்டது. அது உலோகத்தின் பளபளப்பு இல்லை. மேலே ஆவியாகப் படியவைத்த மெல்லிய பூச்சு. 35 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் யாராவது செய்வதாக இருந்தால், ரிஃப்ளெக்டரை மட்டும் தேய்க்காதீர்கள். தூசியை ஊதிவிடுங்கள், போதும்.

நல்ல வேளை, அது 7 அங்குல வட்ட விளக்கு. ஜீப், அம்பாசிடர், பியட் எல்லாவற்றுக்கும் அதே அளவு. அசோக் நகரில் மெட்ரோ ஏறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தேன். முதல் சந்திலேயே ஜோடி கிடைத்தது. பின்விளக்கு லென்ஸுக்குத்தான் மூன்று நாள் அலைச்சல். "2023 அக்டோபரோட பாம்பேல பியட் டாக்ஸியெல்லாம் நின்னு போச்சு சார். இனிமே சரக்கு குறையும், இப்பவே வாங்கிக்கோங்க" என்றார் ஒரு கடைக்காரர். வாங்கவில்லை. பழைய லென்ஸையே 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டேன். சிவப்பு மீண்டு வந்தது. பிளாஸ்டிக்குக்கு இது சரி. ஹெட்லைட் கண்ணாடியில் செய்யாதீர்கள்.

புது ஹெட்லைட் போட்டும் வெளிச்சம் எண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாகவே இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 10.6. முப்பது வருட வயரும் சுவிட்சும் நடுவில் சாப்பிட்டுவிடுகின்றன. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே போட்டதும் வெளிச்சம் வெள்ளையானது. எல்லாம் சேர்த்து 900 ரூபாய்.

பின்னால் வேறு வேடிக்கை. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கும். அது எர்த் கோளாறு. விளக்கு பாடியைத் தொடும் இடத்தில் துரு. உப்புத்தாளால் சுரண்டி, வாசலின் தடவி, திருகை முறுக்கினேன். செலவு பூஜ்யம்.

அடுத்து பீடிங், கைப்பிடி, பம்பர். எல்லாம் 'வெள்ளையாக' இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. பள்ளிக்கூடத்து லாடக் காந்தம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. அது ஒட்டினால் பெரும்பாலும் இரும்பின் மேல் குரோம். ஒட்டாவிட்டால் அலுமினியமோ, மசாக்கோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ. காஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொன்னார் ஒருவர். கேட்டிருந்தால் அலுமினிய பீடிங்கை அரித்துத் தின்றிருக்கும். குரோமில் இருந்த துருப்புள்ளிக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அது குரோமைவிட மென்மை, கீறல் விழாது. குரோம் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கம்பி நார் போட்டால் போச்சு.

பின் பம்பரில் பூச்சே இல்லை. பிளேட்டிங்குக்குக் கொடுத்தேன். மொத்தச் செலவில் பாதி அதற்குத்தான். டிக்கியில் இருக்கும் பெயர் எழுத்துகளையும் இன்னோர் இடத்தில் கொடுத்தேன். பஃபிங் சக்கரத்தில் பிடித்து விளிம்பையே மழுக்கிக் கொடுத்தார்கள். பளபளக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் முன் பம்பர் விஷயத்தில் உஷாரானேன்.

முன் பம்பரின் இடது மூலையில் ஒரு ஒடுக்கு. 1994ல் நான் வண்டி பழகும்போது அண்ணன் வீட்டு கேட்டில் இடித்தது. நடுங்கிக்கொண்டு இறங்கினேன். அண்ணன் வந்து பார்த்து, "கேட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார், அவ்வளவுதான். கடைசிவரை ஒடுக்கு எடுக்கவில்லை. யாராவது கேட்டால், "வாத்தியார் படிச்ச பாடம், இருக்கட்டும்" என்பார்.

"ஒடுக்கு எடுக்காம பாலிஷ் பிடிக்காது வாத்தியாரே" என்றார் பிளேட்டிங் கடைக்காரர். தொழிலில் அவர் சொன்னது சரிதான். பம்பரைக் கட்டி வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். தாளால் தேய்த்து, மெழுகு போட்டு, அப்படியே மாட்டினேன். பின் பம்பர் கண்ணாடி, முன் பம்பர் கிழம். அண்ணன் மகன் சிரித்தான்.

மொத்தம் 13,750 ரூபாய்.

போன ஞாயிறு சாயங்காலம் அண்ணனைக் கூட்டி வந்தோம். சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டேன். நேராகப் பார்க்கும் பார்வை அவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளையா எரியுதே. இது நம்ம பியட்டு இல்லடா" என்றார்.

எனக்குப் பக்கென்றது. இரண்டு மாத வேலை. பேசாமல் நின்றேன். அவர் பானெட்டைப் பிடித்தபடி முன்னால் வந்து, குனிந்து, பம்பர் மேல் கையை ஓட்டினார். கை இடது மூலைக்கு வந்ததும் நின்றது. கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார்.

"நம்முதுதான்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "எப்படா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறோம்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் போகிறோம். உங்கள் வீட்டில் தார்ப்பாய்க்குள் ஏதாவது நின்றால், ஸ்கிராப்புக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை எர்த் வயரைச் சுரண்டிப் பாருங்கள்.