ஒரு முழு நிமிடம்

“மிஸ்ஸி, இவன் எங்கட வழமையான பிள்ளை இல்லை.”

இப்படிச் சொன்னவர் ஓர் ஆச்சி. 2011ஆம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். துணுக்காய்ப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றில் தாதியாக நான் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சனங்கள் மெனிக் பாம் முகாமிலிருந்து 2009 கடைசியில் தொடங்கி மெல்ல மெல்ல ஊர் திரும்பி, தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். பகலில் அடுப்புச் சூடு, விடியற்காலையில் ஈரக் குளிர். பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் வராமல் என்ன செய்யும்?

அன்று வெளிநோயாளர் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆச்சியின் மடியில் ஐந்து மாதப் பிள்ளை. பக்கத்தில் தாய், பத்தொன்பது வயதிருக்கும், வாயே திறக்கவில்லை. நான் பிள்ளையின் சட்டைக்கு மேலே கையை வைத்துப் பதினைந்து விநாடி மூச்சை எண்ணினேன். பதினொன்று. நாலால் பெருக்கினால் நாற்பத்து நான்கு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஐம்பதைத் தொட்டால்தான் பயம். காய்ச்சலும் பெரிதாக இல்லை. சுற்றிவர மற்றப் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்திக்கொண்டிருக்க, இவன் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தான். ‘நல்ல பிள்ளை’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“சளிதான் ஆச்சி, பயப்படாதேங்கோ” என்றேன்.

ஆச்சி எழும்பவில்லை. “இல்லை மிஸ்ஸி. ஒவ்வொரு நாளும் என்ர தோட்டைப் பிடிச்சு இழுப்பான். இண்டைக்கு விடிஞ்சதிலயிருந்து இழுக்கேல்லை. காலமை பாலும் ரெண்டு இழுவை இழுத்துப்போட்டு விட்டுட்டான்.”

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் படிப்பித்த மூத்த தாதி ஒருவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தாய் சொல்வதும் ஒரு நோய்க்குறிதான், அதையும் எழுதிக்கொள் என்பார். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தாயின் மடிக்குப் பிள்ளையை மாற்றி, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கச் சொன்னேன். தொடவில்லை, பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே போனது. வழமையாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து வெளியே வரவேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதாக எண்ணினேன். ஐம்பத்தெட்டு. திரும்ப எண்ணினேன். ஐம்பத்தொன்பது.

பதினைந்து விநாடியில் நான் எங்கே பிழைத்தேன்? சின்னக் குழந்தைகள் நம்மைப் போல ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. நாலைந்து மூச்சு வேகமாக, பிறகு சற்று ஆறுதலாக, இடையிலே ஒரு சின்னத் தரிப்பு. அந்தத் தரிப்பு நாம் எண்ணும் பதினைந்து விநாடிக்குள் விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். நாலால் பெருக்கும்போது நாம் பிழையையும் நாலால் பெருக்குகிறோம்.

மூச்சை எண்ணுவது எக்ஸ்றே இல்லாத இடத்துக்கென்றே வந்த முறை. பப்புவா நியூகினியில் கொரோக்கா என்ற மலையூரில் பிராங்க் ஷான் என்ற குழந்தை வைத்தியர் இருமலோடு வந்த பிள்ளைகளை ஆராய்ந்து, வேகமான மூச்சும் உள்ளிழுக்கும் நெஞ்சும் நியூமோனியாவைக் காட்டிக் கொடுக்கும் என்று 1984இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை ஐம்பதும் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை நாற்பதும் அதற்கு மேலும் வேகமான மூச்சு. நெஞ்சு உள்ளே போனால் எண்ணிக்கை எதுவானாலும் காத்திருக்கக் கூடாது.

இதற்கு ஒரு மணிக்கூடும், உடுப்பு விலக்கிய நெஞ்சும், அழாத பிள்ளையும் போதும். அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ணிப் பயனில்லை. அதனால்தான் குழந்தையைப் பார்க்கும் முறை தலைகீழானது. பெரியவர்களுக்கு முதலில் வாயைத் திற என்போம். குழந்தைக்கோ முதலில் தூர நின்று பார்ப்பது, பிறகு மூச்சை எண்ணுவது, பிறகு உள்ளங்கையில் சூடாக்கிய ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பது. வெப்பமானி, காது, தொண்டை எல்லாம் கடைசியில். அழுகை அங்கேதான் தொடங்கும், தொடங்கட்டும். பிறந்து சில நாளான பச்சைப் பிள்ளை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடுமையான நோயில் அதற்குக் காய்ச்சலே வராமல் உடம்பு குளிர்ந்தும் போகலாம். ‘காய்ச்சல் இல்லைதானே’ என்று இருந்துவிட முடியாது.

ஒட்சிசன் வைத்து, வைத்தியர் ஊசி போட்டு, கிளிநொச்சிக்கு அனுப்ப அம்புலன்ஸுக்குச் சொன்னோம். “மலேரியாவோ?” என்று ஆச்சி கேட்டார். அந்த நாளைய வன்னியில் காய்ச்சல் என்றாலே அந்தக் கேள்விதான் முதலில் வரும்; இரத்தமும் எடுத்துப் பார்த்தோம், இல்லை. (2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றபோது எனக்கு அந்த ஆச்சியின் முகம்தான் ஞாபகம் வந்தது.)

வாகனம் வரும்வரை ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் சோனகப் பிள்ளையோ? எந்த ஊர்?”

“தண்ணீரூற்று.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியது அவருக்குத் தெரியாததல்ல. என் கையைப் பிடித்து ஒருதரம் தடவினார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஆறு வயது. வவுனியா போய், அங்கிருந்து புத்தளம் போய், கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். என் தம்பிக்கு எட்டு மாதம். வயிற்றோட்டம் தொடங்கியது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். உம்மா தண்ணீரை நிறுத்தினார், பாலையும் குறைத்தார். தம்பியின் உச்சி குழி விழுந்திருந்தது. நான் அதில் விரலை வைத்துப் பார்த்தேன், விளையாட்டாக. இரண்டாம் நாள் மஃரிபு நேரம் அழுகை நின்றது. சுகம் வந்துவிட்டதென்று எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். மறுநாள் லுஹருக்குப் பிறகு அடக்கம் செய்தோம்.

உம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் 1971இலேயே, வங்காளதேச அகதிகள் நிரம்பிய போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களின் கையாலேயே கொடுக்கவைத்து, நூற்றுக்கு முப்பதாக இருந்த கொலரா மரணத்தை நாலுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார். பத்தொன்பது வருடங்கள் கழித்தும் அந்தச் செய்தி எங்கள் கொட்டிலுக்கு வந்து சேரவில்லை. இப்போது ஜீவனிப் பக்கெட்டை ஒரு தாயின் கையில் வைக்கும்போது, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதையும் கரையுங்கள், கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்று அவர் சலிக்கும்வரை சொல்லுவேன். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்ப வேண்டும். மெல்ல மெல்லத் திரும்பினால், கண் குழி விழுந்தால், பிள்ளை குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், அது கரண்டிக்கு அடங்கிய காரியமல்ல, வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

ஆச்சியின் பேரன் ஒன்பது நாளில் திரும்பி வந்தான். தோட்டை இழுக்கிறான் என்று சொல்லி அனுப்பினார். பிறகு தாயோடு கிளினிக்குக்கு வந்தபோது, மூச்சு எண்ணும் விதத்தை ஆச்சிக்கும் அந்தப் பெண்ணுக்கும் காட்டிக் கொடுத்தேன். ஆச்சிக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. எண் நன்றாக ஓடும்.

அடுத்த வருடம் ஒரு விடியற்காலை, மழை. அயல் வீட்டுப் பெண்ணையும் அவளுடைய ஆறு வாரப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் வாய் திறக்கு முன்பே சொன்னார்:

“மகளின்ர ஃபோனில நேரம் பாத்து ரெண்டு தரம் எண்ணிப்போட்டுத்தான் வந்தனாங்கள், பிள்ளை. அறுபத்தி நாலு. பிறகு அறுபத்தி மூண்டு.”

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் சட்டையைத் தூக்கச் சொன்னேன்.