காதலுக்கு ஒரு பாலம்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ரயில் ஏறினால், சுமார் 40 நிமிடத்தில் ஸ்வீடனின் மால்மோ. இடையில் கடல். அதன் மேல் 2000-ல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 8 கி.மீ. நீளமுள்ள ஓரெசுண்ட் பாலம். 'காதல் பாலம்' என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு.

காரணம், சட்டம். வெளிநாட்டுத் துணையை அழைத்துவர இருவருக்குமே 24 வயதாகியிருக்க வேண்டும் என்றது டென்மார்க், 2002-ல். இளம் ஜோடிகள் பல மால்மோவில் குடியேறின. காலையில் வேலைக்குத் தாய்நாடு. மாலையில் வீட்டுக்கு அயல்நாடு.

வேறோர் உறுப்பு நாட்டில் வாழும் ஐரோப்பியக் குடிமகனின் துணைக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வசிக்கும் உரிமை தருகிறது. சொந்த நாட்டைவிட்டு நகராதவருக்கு அது பொருந்தாது. மால்மோவில் உண்மையாகவே குடித்தனம் நடத்தியவர்கள், அதே சட்டத்தைக் காட்டி மனைவியோடு ஊர் திரும்பலாம். பிறந்த மண்ணில் சேர்ந்து வாழ, முதலில் அதைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது.